படப் புத்தகத்தில் அம்மா

குழந்தை எழுத்தைக் கற்பதற்கு முன்பே படத்தைப் படிக்கக் கற்றுவிடுகிறது. அணிலின் படத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கும் மூன்று எழுத்துகள் அதற்கு வெறும் கறுப்புக் கோடுகள். அணிலோ அதற்கு அறிமுகமான உயிர். அந்தப் படத்தை யாரோ ஒருவர் வரைந்தார் என்றோ, வேறு விதமாகவும் வரைந்திருக்கலாம் என்றோ குழந்தை எண்ணுவதில்லை. உலகம் இப்படித்தான் இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றினாலும் சிறியதன்று. குழந்தைகளின் படப் புத்தகங்களில் ஆணுக்கு எந்த வேலை, பெண்ணுக்கு எந்த வேலை என்று வகுத்திருக்கிறார்கள் என்பதே அப்பொருள்.

சென்ற குளிர்காலத்தில் தில்லியில் நம் மகனுடைய இல்லத்தில் தங்கியிருந்தோம். மருமகள் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறார். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பனி விலகுமுன்பே மெட்ரோ பிடிக்கப் புறப்பட்டுவிடுவார். எனவே தோசை வார்ப்பதும், சட்னி அரைப்பதும், ஆறு வயதுப் பேத்திக்குத் தலை பின்னிவிடுவதும் மகனுடைய வேலை. பேத்தி பிறந்து கண்விழித்தது முதல் காண்பது இதுதான்.

ஒரு நாள் அவள் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்துகொண்டு வந்தாள். அதில் அம்மா அடுப்பின் முன் கரண்டியும் கையுமாக நிற்கிறாள். அப்பா கைப்பையோடு வாயிற்படி இறங்குகிறார். "ஏம்மா, தோசை வார்க்கிறது அப்பாதானே?" என்று கேட்டோம். "அது நம்ம வீட்டுல, தாத்தா. படத்துல இப்படித்தான் போடணும்" என்றாள்.

அந்த விடையில் தயக்கமே இல்லை. தன் கண்ணால் நாள்தோறும் காண்பது ஒன்று, புத்தகத்தில் காண்பது ஒன்று என்று இரண்டையும் நிறுத்துப் பார்த்து, புத்தகமே முறையானது என்று அவள் தீர்த்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை புத்தகம் விதி. அவள் வீடு விதிவிலக்கு. அன்று மாலை அவளுடைய தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அம்மா வரும் இடங்களில் பெரும்பாலும் கரண்டி, துடைப்பம், கோலப்பொடி, இவற்றுள் ஒன்று அவர் கையில் இருந்தது. அப்பா செய்தித்தாளோடு நாற்காலியில் இருந்தார். அண்ணன் மரம் ஏறினான். தங்கை கீழே நின்று பார்த்தாள். அவற்றுள் பல நாமே ஊரிலிருந்து வாங்கிச் சென்றவை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவ்வாறு எண்ணிப் பார்க்கும் வேலையை அறிஞர் சிலர் முறையாகவே செய்திருக்கின்றனர். அமெரிக்காவில் சிறந்த படப் புத்தகத்துக்கு ஆண்டுதோறும் கால்டிகாட் பதக்கம் என்ற பரிசை அளிக்கிறார்கள். லெனோர் வைட்ஸ்மன் என்ற சமூகவியல் அறிஞரும் அவருடன் மூவரும் 1972இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் அப்பரிசையும் அதற்கு அடுத்த நிலைச் சிறப்பையும் பெற்ற 18 நூல்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் ஆண்களின் படங்கள் 261. பெண்களின் படங்கள் 23. ஏறத்தாழப் பதினோர் ஆணுக்கு ஒரு பெண். விலங்குகளின் நிலை இன்னும் விந்தை: 95 ஆண் விலங்குகளுக்கு ஒரு பெண் விலங்கு. அந்நூல்களில் வந்த வயதுவந்த பெண்களுள் ஒருவருக்கேனும் வீட்டுக்கு வெளியே ஓர் உத்தியோகம் இல்லை. நாட்டின் மிகச் சிறந்த ஓவியர்கள், குழந்தைகள்பால் மிகுந்த அன்பு கொண்டவர்கள் ஆக்கிய நூல்கள் அவை. தீய எண்ணம் எவருக்கும் இல்லை. பழக்கம் கையைப் பிடித்து வரைந்தது, அவ்வளவே.

பழக்கத்தைக் கண்டுகொண்டால் திருத்திக்கொள்ளவும் முடியும். ரிச்சர்டு ஸ்கேரி என்ற ஓவியர் 1963இல் வெளியிட்ட சொற்களஞ்சியப் படநூல் உலகெங்கும் பரவியது. அதில் அடுக்களை என்றால் தாய் முயல் மட்டுமே. 1991இல் வந்த திருத்திய பதிப்பில் தந்தை முயலும் அடுக்களைக்குள் வந்து சமையலில் கைகொடுத்தது. புத்தகம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆயினும் பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதும் இல்லை. 1900 முதல் 2000 வரை அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 5,600 குழந்தை நூல்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2011இல் வந்தது. தலைப்பில் ஆண் பெயர் பெற்ற நூல்கள், பெண் பெயர் பெற்றவற்றைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று அது கண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். குழந்தைகளுக்கு நல்ல நூல்கள் வேண்டும் என்ற எண்ணம் இங்கே விடுதலைக்குப் பிறகு வலுப்பெற்றது. 1957இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தில்லியில் நிறுவினார். அதே ஆண்டில் தேசியப் புத்தக அறக்கட்டளையும் தோன்றியது. அவ்வறக்கட்டளையின் நேரு பால புத்தகாலய வரிசை பல மொழிகளில், தமிழிலும், குறைந்த விலையில் படநூல்களைக் கொண்டுவந்தது. வெளி மாநிலங்களில் வளர்ந்த தமிழ்க் குழந்தைகள் பலர் தமிழ் படித்தது அந்நூல்களால்தான்.

அக்காலத்து நூல் ஒன்றைச் சிறப்பாக நினைவுகூர வேண்டும். அனு பந்த்யோபாத்யாய எழுதிய 'பகுரூபி காந்தி' 1964இல் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் ஜவாகர்லால் நேரு, சித்திரங்கள் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்தவை. காந்தியடிகள் தம் வாழ்நாளில் மேற்கொண்ட வேலைகள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இயல். அவர் வழக்கறிஞர், அவரே தையற்காரர், சலவைக்காரர், சமையற்காரர், நோயாளிக்குப் பணிவிடை செய்யும் செவிலி. பெண்ணின் வேலை என்று ஒதுக்கிய ஒன்றை ஆண் செய்தால் மதிப்புக் குறையும் என்பாருக்கு அந்நூலைக் காட்டினால் போதும். நாட்டின் தந்தை என்று நாம் வணங்குபவர் அங்கே சமையற்காரராக நிற்கிறார்.

ஆனால் அந்நூல் காட்டிய வழியில் நாம் வெகுதூரம் நடந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாட்டு மக்கள் நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோர் பெண்களுள் நூற்றுக்கு 81 பேர். ஆண்களுள் நூற்றுக்கு 26 பேர். ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டனர். படப் புத்தகம் இந்நிலையை உண்டாக்கியது என்று சொல்ல வரவில்லை. இந்நிலையை இயற்கை என்று குழந்தையின் நெஞ்சில் பதிய வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பெண்களின் சமத்துவத்துக்காகப் பாடத்திட்டமும் பாடநூல்களும் திருத்தியமைக்கப்பட வேண்டும் என்றது. 2024 ஜூனில் கேரளத்தில் பள்ளிகள் திறந்தபோது, மூன்றாம் வகுப்புப் பாடநூல் ஒன்றில் அடுக்களையில் தந்தை தேங்காய் துருவும் படம் இடம்பெற்றிருந்தது. அது செய்தியாகி நாடெங்கும் பேசப்பட்டது. தேங்காய் துருவுவது நம் பக்கத்து வீடுகளில் ஆண்கள் செய்யாத வேலையன்று. அதைப் புத்தகத்தில் கண்டதுதான் புதுமையாகப் போயிற்று. வாழ்க்கை முன்னே போய்விட்டது. படம் பின்னே வருகிறது.

வாழ்க்கை எவ்வளவு முன்னே போயிருக்கிறது என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொல்லலாம். மராட்டிய மாநிலத்துச் சதாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1980களின் இறுதியிலேயே ரயில் எஞ்சின் ஓட்டும் பணியில் இருந்தார். குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். இருப்பினும் 'ஓட்டுநர்' என்ற சொல்லுக்குப் படம் வரையச் சொன்னால் ஓவியரின் கை இன்னும் மீசையைத்தான் முதலில் வரைகிறது.

இனி மொழியைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது நெருங்கிய விஷயம். நம் குழந்தைகள் ஒரே நாளில் மூன்று மொழிகளில் கதை கேட்கிறார்கள். இந்தியில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். யானையும் சிங்கமும் கரடியும் அங்கே ஆண்பால். சிட்டுக்குருவியும் அணிலும் எறும்பும் வண்ணத்துப்பூச்சியும் பெண்பால். பெரியதும் வலியதும் ஆண், சிறியதும் மெல்லியதும் பெண் என்ற எண்ணம் குழந்தைக்கு வினைமுற்றோடு சேர்ந்தே வந்துவிடும். ஆங்கிலத்தில் விலங்குக்குப் பொதுச்சொல் உண்டு. கதை சொல்லும்போது அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆண், பெண் தெரியாத கரடிப் படங்களைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னபோது, அமெரிக்கத் தாய்மார்கள் அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை ஆணாகவே குறிப்பிட்டார்கள் என்று 1987இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. தாய்மாரே அவ்வாறு செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வங்காளியில் வினைமுற்றிலோ சுட்டுப்பெயரிலோ ஆண், பெண் வேறுபாடே இல்லை. கொல்கத்தாவில் வாழும் நம்மவர் இதை அறிவர். தமிழிலோ விலங்கு அஃறிணை. 'முயல் ஓடியது, ஆமை நடந்தது' என்றால் கேட்கும் சிறுமி தன்னை முயலாகவும் எண்ணலாம், ஆமையாகவும் எண்ணலாம்; சிறுவனுக்கும் அவ்வுரிமை உண்டு. நம் இலக்கணம் குழந்தைக்குத் திறந்து வைத்த கதவு அது. நாமே 'சிங்க ராஜா', 'நரியார்' என்று சொல்லி அக்கதவைப் பாதி மூடிவிடுகிறோம்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது தமிழிலும் ஒரு முள் இருக்கிறது. 'அப்பா வந்தார், அம்மா வந்தாள்' என்று எழுதுகிறோம். வீட்டில் அம்மாவை நீ என்பதும் வா என்பதும் அவமதிப்பு அல்ல, நெருக்கம். அந்த உரிமையைப் பறிக்க யாரும் விரும்பமாட்டார்கள். அச்சில் நிலை வேறு. ஒரு பக்கத்தில் 'மருத்துவர் வந்தார்' என்று ஆணையும், மறுபக்கத்தில் 'ஆசிரியை வந்தாள்' என்று பெண்ணையும் எழுதினால், அங்கே நெருக்கம் ஒன்றும் இல்லை. அந்த ஓர் எழுத்து வேற்றுமையைக் குழந்தை கேட்டுக்கொண்டே இருக்கிறது. படிக்கும் நாம் 'வந்தார்' என்று மாற்றிப் படித்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

இதனினும் பெரிய கவலை ஒன்று உண்டு. வெளி மாநிலத்துத் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் எங்கே வாழ்கிறது? பள்ளியில் இந்தி அல்லது ஆங்கிலம். விளையாட்டுத் திடலில் மராட்டியோ வங்காளியோ. தமிழ் வாழ்வது வீட்டில், அதிலும் பெரும்பாலும் அடுக்களையை ஒட்டி. 'சாப்பிடு, கை கழுவு, பாலைக் குடி' என்பவையே அது நாள்தோறும் கேட்கும் தமிழ். அக்குழந்தைக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் தமிழ்ப் புத்தகத்திலும் பாட்டி முறுக்குச் சுற்றுகிறாள், அம்மா கோலம் போடுகிறாள் என்பது மட்டுமே இருந்தால் விளைவு என்ன? எஞ்சின் ஓட்டுவதும் விண்மீனை ஆராய்வதும் வழக்குரைப்பதும் வேறு மொழிகளின் வேலை, தமிழ் சமையலின் மொழி என்று குழந்தை முடிவு கட்டிவிடும். அம்மாவை அடுக்களைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும்போது, தமிழையும் அவரோடு உள்ளே வைத்துச் சாத்திவிடுகிறோம்.

இத்தனைக்கும் நம்மவரின் உண்மை வரலாறு அப்படி இருக்கவில்லை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் ரயிலேறிய அந்தத் தலைமுறை ஆண்களை எண்ணிப் பாருங்கள். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் ஓர் அறையில் நால்வர் ஐவராகத் தங்கினார்கள். முறை வைத்துச் சமைத்தார்கள். ஒருவர் ரசம் வைத்தால் மற்றவர் பாத்திரம் துலக்கினார். திருமணமான பிறகு அக்கரண்டியைக் கீழே வைத்தவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. அப்பாட்டனார் ஒருவர்கூட எந்தப் படப் புத்தகத்திலும் இல்லை.

பெண்களின் கதையும் அதுவே. சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தில்லிக்கு வந்து, நான்கு வீடுகளில் வேலை செய்து, அந்த வருவாயில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். மும்பைத் தாராவியில் நள்ளிரவு கடந்து எழுந்து மாவு ஊற்றி இட்லி அவிக்கிறார்கள் தமிழ்ப் பெண்கள். பொழுது விடிந்ததும் அந்த இட்லி நகரெங்கும் விற்பனையாகிறது. அவர்களும் அடுப்பின் முன் நிற்பவர்களே. ஆயினும் அங்கே நிற்பவர் ஒரு தொழிலை நடத்துபவர். கணக்கு அவர் விரல் நுனியில் இருக்கிறது. கரண்டி பிடித்த பெண்ணை வரைவது பிழையன்று. கரண்டியைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது என்பதுபோல் வரைவதே பிழை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "அம்மா சமைப்பதைப் படத்திலிருந்து நீக்கிவிட வேண்டுமா? அது அன்பின் உருவம் அல்லவா?" என்று கேட்பார்கள். நீக்க வேண்டியதில்லை. சமையல் உயர்ந்த தொழில். உயர்ந்தது என்பதாலேயே அதைப் பிள்ளைகள் இருபாலாரும் கற்க வேண்டும். வகுத்த எல்லையால் இழப்பு பெண்ணுக்கு மட்டும் என்று எண்ணுவதும் தவறு. படப் புத்தகத்துச் சிறுவன் அழுவதில்லை, அஞ்சுவதில்லை, தங்கையைத் தூங்கவைப்பதில்லை. அழ விரும்பும் சிறுவன் அப்படத்தைப் பார்த்து என்ன எண்ணுவான்? மன்ரோ லீஃப் 1936இல் எழுதிய காளைக் கதையில், சண்டையை விரும்பாமல் மரத்தடியில் அமர்ந்து மலரை முகர்ந்துகொண்டிருக்கும் காளை ஒன்று வருகிறது. அது ஆண் விலங்குதான். வலிமையில் குறைந்ததும் அன்று. அதைப் படித்து மனம் லேசாகும் சிறுவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நல்ல நூல்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை; சென்னையிலிருந்தே வருகின்றன. மகாசுவேதா தேவி எழுதிய, எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்கும் பழங்குடிச் சிறுமியின் கதையைத் தூலிகா பதிப்பகம் 2003இல் வெளியிட்டது. ஆடு மேய்க்கும் மொய்னா, தண்ணீருக்கு ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்கிறாள். வளர்ந்து தானே பிள்ளைகளுக்குக் கற்பிப்பவள் ஆகிறாள். பீகாரின் மதுபனிப் பகுதியில் மீனவர் குடியில் பிறந்து, பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கி, அங்கே கண்ட ஓவியக் கலையைத் தாமும் கற்றவர் துலாரி தேவி. அவர் தம் வாழ்க்கையைத் தாமே படமாக வரைந்த நூலைத் தாரா பதிப்பகம் வெளியிட்டது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே பதிப்பகத்தின் மற்றொரு நூலில் தேஜு பெகன் என்ற ஓவியர், ரயிலிலும் காரிலும் விமானத்திலும் செல்லும் பெண்களைக் கறுப்பு மையால் புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார். இவை உபதேசம் செய்வதில்லை. பெண் போகும் இடமெல்லாம் கூடவே போகின்றன.

எல்லோருக்கும் எல்லா நூல்களும் கிட்டா. கையில் இருக்கும் பழைய புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கும்போது மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, கேட்பது: இந்தப் பக்கத்தில் அப்பா ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்? அம்மா அடுத்து எங்கே போகப்போகிறார்? இரண்டாவது, மாற்றிப் படிப்பது: மரம் ஏறும் அண்ணனைத் தங்கையாக்கினால் கதை கெட்டுப்போகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, புத்தகத்தில் இல்லாததை வாயால் சொல்வது. இது மூன்றிலும் சிறந்தது. செலவும் இல்லை.

நம் வீட்டில் மூன்றாவதைத்தான் செய்தோம். நம் தந்தையார் 1950களில் கரோல்பாகில் ஓர் அறையில் நண்பர்களோடு தங்கியிருந்ததையும், ஸ்டவ்வைப் பம்பு அடித்து ஏற்றத் தெரியாமல் புருவத்தைக் கருக்கிக்கொண்டதையும், பிறகு அவ்வறையிலேயே ரசத்துக்கு அவர்தான் என்று பெயர் எடுத்ததையும் பேத்திக்குச் சொன்னோம். அவள் சிரித்தாள். "கொள்ளுத் தாத்தா ரசம் வைப்பாரா? அம்மாவுக்கும் ரசம் வைக்கத் தெரியாது, அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாள். பிறகு அந்தக் கதையை மறுநாளும் சொல்லச் சொன்னாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். முழுவதும் தமிழிலேயே கேட்டாள்.

குடும்பப் படத்தை அவள் திருத்தி வரையவில்லை. வரையச் சொல்லி நாமும் வற்புறுத்தவில்லை. ஊர் திரும்பும் நாளன்று, ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அம்மா என்ன பார்க்கிறார் என்று மட்டும் அவளுக்குச் சொல்லும்படி மருமகளிடம் கேட்டுக்கொண்டோம். அதையும் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்றோம். சொற்கள் சில அகப்படவில்லை என்று மருமகள் தொலைபேசியில் கூறுகிறார், இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.